பழைய பாக்கெட்டில் புதுத் தூள்

கடையில் தூளாக வாங்கினாலும் ஒன்றுதான், கொட்டை வாங்கி வீட்டில் அரைத்தாலும் ஒன்றுதான் என்று ஆறு வருடம் அடித்துப் பேசியவன் நான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு நைட் ஷிஃப்ட். காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் நேரே பாய்தான். கண் அசரும் நேரம் பார்த்து என் மனைவி மிக்ஸியில் காப்பிக்கொட்டை அரைப்பாள். ஒற்றை அறை வீடு. மிக்ஸி தலைமாட்டிலேயே ஓடும்.

ஒருநாள் எழுந்து கத்தினேன். "மனுசன் தூங்கறதா வாணாவா? தூளா வாங்கிக்கினா இன்னா கொறஞ்சா பூடும்?"

மறுநாள் அலமாரியில் பாக்கெட் தூள் இருந்தது. வீடு அமைதியானது. சாயங்காலம் எழுந்ததும் டம்ளர் நிறையக் காப்பி வரும்.

"பாத்தியா, அதே ருசி! இதுக்குப் போயி இத்தினி நாளா என் உசுர வாங்கினியே" என்பேன்.

"ஆமா, உங்க நாக்குக்குத் தெரியாததா" என்று சிரிப்பாள். எனக்குப் பெருமை வேறு.

போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்து சில நாளில் பாக்கெட் காலியானது. அதே தூளைப் புதிதாக வாங்கிவந்து காப்பி போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. நேரே கடைக்குப் போய், "இன்னாய்யா, புளியங்கொட்டய அரைச்சி விக்கிறியா?" என்று சண்டை பிடித்தேன்.

விஷயம் கேள்விப்பட்டு, எங்கள் வரிசையின் கடைசி வீட்டுப் பெண் ஒரு டப்பாவுடன் வந்தாள். உள்ளே காப்பிக்கொட்டை.

"அக்கா வாங்கி வச்சதுண்ணா. நீங்க தூங்க சொல்லோ எங்க வூட்டுக்கு வந்து அரைச்சிக்கினு, அந்தப் பழைய பாக்கெட்லயே கொட்டிக்கினு போவும். 'அது நல்லா தூங்கட்டும், தெரிஞ்சா கத்தும்'னு சொல்லும்."

ஆறு வருடம். அந்தப் பாக்கெட் ஏன் தீரவே இல்லை என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. நானெல்லாம் ஒரு மனுஷன்.

அந்தப் பெண் போனதும் கொட்டையை எங்கள் மிக்ஸியில் போட்டு ஓடவிட்டேன். தூளான பிறகும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் அழுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.