ஆறாவது பிளக்கின் பொட்டு

போன வாரம் விஜயதசமியன்று என் வலது கையை லாரி இன்ஜினுக்குள் விட்டேன். போவதெல்லாம் சௌகரியமாகப் போயிற்று. திரும்பி வரத்தான் மறுத்தது.

லாரி என்று சொன்னால் நிஜ லாரிகள் கோபித்துக்கொள்ளும். முன்னால் இரண்டு பேர், பின்னால் திறந்த தொட்டி — அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்பிய ஒரு துரை என் தலையில் கட்டிவிட்டுப் போனது. இன்ஜினில் தீப்பொறி தட்ட ஆறு பிளக். பானெட்டைத் திறந்தால் ஐந்து கைக்கெட்டும். ஆறாவது? டிரைவர் காலடிப் பலகையைக் கழற்றி, குப்புறப் படுத்து, கையை இரண்டு இடத்தில் மடக்கி... இன்னொரு முழங்கை இருந்தால் உத்தமம்.

யுத்த காலத்தில் ஆறு புது பிளக் கிடைப்பது லேசா? சிபாரிசு பிடித்து வாங்கினேன். ஆயுத பூஜையன்று வாழையிலையில் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டேன்.

"பிளக்குக்கு நெத்தி எதுங்க?" என்றாள் என் மனைவி.

"நெருப்பு வர்ற இடம்தான்!" என்றேன். சிவனுக்கே அப்படித்தானே?

அன்று மாலையே ஆறையும் நானே மாட்டினேன். நான் இருக்கும்போது மெக்கானிக் எதற்கு?

மறுநாள் காலை பாரிவாக்கம் முனுசாமி தம் தோட்டத்துக் கீரைக்கட்டுகளை ஏற்றினார். முந்தின நாள் பூஜைக்கு வந்து பொரி தின்றவர்தான். வெயில் ஏறுமுன் பட்டணத்து மார்க்கெட்டில் இறக்கினால் அது கீரை. அப்புறம் இறக்கினால் மாட்டுத் தீவனம்.

குமணன்சாவடி தாண்டவில்லை. வண்டி விக்கியது, குலுங்கியது, ஊர்ந்தது. ஒரு மாட்டுவண்டி எங்களை முந்திக்கொண்டு போயிற்று. மாடு திரும்பிப் பார்த்தது போலக்கூட இருந்தது.

ஐந்து பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். பளபள! மாட்டினேன். அதே விக்கல். மறுபடி கழற்றினேன் — அதே ஐந்தை.

"இன்னா அண்ணாத்தே, அஞ்சையே கயட்டி கயட்டி மாட்டிகினு கீற? ஆறாவது இன்னா ஆச்சு?"

"அதுல கோளாறே இருக்காது முனுசாமி. அதைத்தான் உயிரைக் கொடுத்து மாட்டினேன்!"

"உசுர குட்த்தது இருக்கட்டும். பொட்ட தொடச்சியா?"

ஐந்தைத் துடைத்தது நினைவிருந்தது. ஆறாவதை...

காலடிப் பலகையைக் கழற்றினேன்.

அப்படித்தான் கை உள்ளே போனது. பிளக்கைத் திருகி எடுத்தும் விட்டேன். பிளக்கை இறுக்கிப் பிடித்த கைதான் வரவில்லை.

"கைய தொற அண்ணாத்தே, வந்துரும்!"

"திறந்தா பிளக் விழுந்துடுமே!"

"உயுந்தா எடுத்துக்கலாம். என் கீர வாடிகினு கீது!" குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கீரைமேல் தெளித்துக்கொண்டே கத்தினார்.

திறந்தேன். கை வந்தது — முழங்கைத் தோல் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது. ரோட்டில் கிடந்த பிளக்கைப் பார்த்தால்... குங்குமம் கறுத்திருந்தது. சந்தனம் மட்டும் பொறி பாயும் இடுக்கை அடைத்துக்கொண்டு, இம்மி நகராமல் இருந்தது!

சுரண்டி மாட்டினேன். பறந்தோம். மேல் வரிசைக் கட்டுகள் மட்டும் தலை சாய்ந்துவிட்டன.

"இத நீ எட்த்துகினு போய் ஊட்ல துன்னு," என்றார் முனுசாமி. மூன்று வேளை வாடிய கீரை. மனைவி அதன்மேல் பொட்டளவு நெய் விட்டுப் பரிமாறினாள்.

கை எட்டாத இடத்தில் கோளாறே இருக்காது என்று எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம், பார்த்தீர்களா?

அடுத்த வருஷம் ஹாரனுக்கு மட்டும்தான் பொட்டு. அது எப்படியும் வேலை செய்வதில்லை.