மண்ணெண்ணெயில் அலசிய பிரேக்

பிரேக்கின் ரப்பர் வளையங்களைப் பிரேக் எண்ணெயில் மட்டுமே கழுவ வேண்டும், மண்ணெண்ணெய் படவே கூடாது என்பது விதி. காரோடு வந்த புத்தகத்தில் அந்த வரியை நானே அடிக்கோடிட்டிருக்கிறேன். ஆனாலும் ஓய்வுபெற்ற உற்சாகத்தில் என் பழைய காரின் பிரேக்குகளைப் பிரித்து, உருளைகளைத் தேய்த்துக் கறுப்பு வர்ணம் பூசியபோது, அழுக்குப் போகட்டும் என்று ரப்பரையும் மண்ணெண்ணெயிலேயே அலசிவிட்டேன்.

மறுவாரம், காலில் மாவுக்கட்டுடன் இருந்த என் மனைவியை மைசூர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தேன். ரயில்வே கேட்டில் மேடு குலுக்காமலிருக்கப் பிரேக்கை மிதித்தேன். ஊறி வீங்கியிருந்த ரப்பர் பிடித்த பிடியை விடவில்லை. கார் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"சாமி, நஞ்சன்கூடு ரயில் வர்ற நேரம்! பேக, சீக்கிரம் எறங்குங்க!" என்று கத்திவிட்டு, கேட்காரர் சிவப்புக் கொடியுடன் ஓடினார்.

மனைவியைத் தூக்கப் பார்த்தேன். மடங்காத கால் இருக்கைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது.

"ஏன்னா, என்னை விட்டுட்டு பிரேக்கைப் பாருங்கோ. இதுக்குத்தானே ஒரு மாசம் சமையலறை வாசல்ல எல்லாத்தையும் கழட்டிப் போட்டுக் கடை பரப்பினேள்?"

அழுத்தம் குறைந்தால்தான் பிரேக் பிடியை விடும் என்று ஸ்பேனருடன் தரையில் படுத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் எண்ணெயை வெளியே விடும் திருகைத் தளர்த்தினேன். நான் பூசிய வர்ணம் திருகுகளையும் கெட்டியாக ஒட்டியிருந்தது. நாலாவதும் அசைந்த பிறகே கார் நகர்ந்தது. தள்ளி இறக்கினேன். கொடியைக் கண்டு ஊர்ந்து வந்த ரயில் கடந்து போகும்வரை அவள் என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

இனி புது ரப்பர் போடாமல் காரை எடுப்பதில்லை என்று தீர்மானித்து, ஆடியில் மதராஸிலுள்ள உதிரிபாகக் கடைக்கு எழுதினேன். அதுவரை எங்களுக்கு ஜட்காதான். 'அனுப்புகிறோம்' என்று பதில் வந்தது தை முதல் தேதி.