பெட்டி தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்று

ஆராய்ந்த பின்னரே தெளிதல் அறங்களுள் ஒன்று. ஆயினும் அவ்வறத்தை உடையவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வது எளிதன்று. திருவரங்கத்துப் பூரணியின் கணவரைக் கேட்டால் இதை ஒப்புக்கொள்வார்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் அவர், ஒருநாள் நண்பரின் கைப்பேசியிலிருந்து மனைவியை அழைத்தார்.

"கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டியா?"

"யாருங்க நீங்க?"

"உன் புருஷன்டி."

"நேத்து என்ன குழம்பு?"

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "வத்தக்குழம்பு. உப்பு வேற கூட."

"சரி, இப்ப சொல்லுங்க."

இந்த இயல்பு தனக்கு எங்கிருந்து வந்தது என்று பூரணிக்கே தெரியாது. ஜீயபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் எல்லாரும் எவரையும் எளிதில் நம்புகிறவர்கள். நகரத்துக் கல்லூரியில் கணினி பயின்றாள். ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தாள். இரண்டாம் பிள்ளை பிறந்த பின் தனியாகத் தொழில் தொடங்கினாள். அரியமங்கலம் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. நாள்தோறும் காலையில் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைக் கடந்து அக்கரைக்குச் செல்வாள்.

அப்பட்டறைகளுள் ஒன்று ஜெய்சங்கருடையது. கொதிகலன்களுக்கான குழாய்த் தாங்கிகளை அங்கே செய்தார்கள். வரைபடங்களும் பற்றவைப்புச் சோதனை அறிக்கைகளும் ஒரு சிறிய சர்வரில் இருந்தன. அதை எல்லாரும் 'பெட்டி' என்றே அழைத்தார்கள். சென்னையில் மூடப்பட்ட ஒரு நிறுவனத்திலிருந்து பழையதாக வாங்கிய பெட்டி அது.

கணினி ஒன்று மற்றொன்றோடு பேசத் தொடங்குமுன், "நீ யார் என்பதற்குச் சான்று என்ன?" என்று கேட்கும். பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்கு உலகறிந்த மூன்றாமவர் ஒருவர் சான்றளிப்பார். வெளியுலகத் தொடர்பே இல்லாத இந்தப் பட்டறைப் பெட்டிக்கு அப்படி எவருமில்லை. ஆதலால் அது தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்டும். தன்னைத் தானே நல்லவன் என்று சொல்லிக்கொள்பவனை எப்படி நம்புவது? அதற்கும் பூரணி ஒரு வழி வைத்திருந்தாள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் மனிதரின் கைரேகைபோல் வேறெதற்கும் வாய்க்காத ஓர் எண்வரிசை உண்டு. பெட்டியின் முன் ஒருவரை நிறுத்தி அதை உரக்கப் படிக்கச் சொல்வாள். தான் ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவாள். பிறகுதான் 'இது நம்முடையது' என்று அக்கணினிக்குக் கற்பிப்பாள். இந்தப் பெட்டியை நிறுவிய அன்று அதனருகில் நின்று படித்தவன் கிளமென்ட், வரைபடப் பிரிவு இளைஞன்.

விஜயதசமிக்கு மறுநாள் காலையில் கணக்கர் சித்ராதேவி பூரணியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மேடம், பெட்டி திறக்கமாட்டேங்குது. சிவப்பா முக்கோணம் வருது. கீழ 'அட்வான்ஸ்டு'ன்னு ஒண்ணு இருக்கு. அதை அமுக்கி உள்ள போயிடவா?"

"அமுக்குனீங்க, கையை உடைச்சிடுவேன். எதையும் தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் டீ குடிங்க."

"ரெண்டாவது டீயே ஆயிடுச்சு மேடம்."

பூரணி வந்து பார்த்தாள். திரையில் வந்த சான்றிதழின் கைரேகை அவள் கற்பித்ததன்று. பெட்டிக்கும் கணினிகளுக்கும் நடுவே வேறொருவன் புகுந்து, 'நானே பெட்டி' என்று சொல்லிக்கொண்டு நிற்கக்கூடும். அவனிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தால் வரைபடங்கள் அனைத்தும் அவன் கைக்குப் போகும்.

"நீங்க ரொம்ப யோசிக்க வேணாம்மா," என்றார் ஜெய்சங்கர். "யார்னு எனக்குத் தெரியும். கிளமென்ட்தான். போட்டிக் கம்பெனியில வேலை வாங்கிட்டான். திங்கக்கிழமை அங்க சேரணும்னு ரிலீவிங் லெட்டர் கேட்டு நிக்கிறான். நேத்து லீவு நாள்ல தனியா இங்க வந்துட்டுப் போயிருக்கான். வாட்ச்மேன் சொல்றார்."

கிளமென்ட்டை உள்ளே அழைத்தார்கள்.

"நேத்து எதுக்குடா வந்த?"

"பூஜைப் பொரிப் பொட்டலத்தை மறந்து வெச்சிட்டுப் போயிட்டேன் சார். அதை எடுக்க வந்தேன்."

"பொரிக்காக லீவு நாள்ல வந்தியா? யார்கிட்ட கதை விடுற?"

"எங்கம்மாவுக்கு நம்ம பட்டறைப் பொரின்னா உயிரு சார். வருஷா வருஷம் கேட்பாங்க."

"பெட்டியைத் தொட்டியா?"

"தொட்டேன். அணைஞ்சு கிடந்துச்சு. காலையில எல்லாரும் வந்து தவிப்பாங்களேன்னு ப்ளக்கை மாட்டிவிட்டேன்."

ஜெய்சங்கர் வெற்றி பெற்றவர்போல் பூரணியைப் பார்த்தார். "அவன் வாயாலயே சொல்லிட்டான். நான் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப்போறேன். பெட்டியில கை வெச்சது இவன்தான்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்க. லெட்டரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

விடுவிப்புக் கடிதம் இல்லாமல் புதிய நிறுவனம் கிளமென்ட்டை ஏற்காது. காவல் நிலையத்தில் பெயர் ஏறிவிட்டால் இத்தொழிற்பேட்டையின் எந்தக் கதவும் அவனுக்குத் திறக்காது. எல்லாம் பூரணி எழுதப்போகும் அந்த ஒரு வரியில் தொங்கின.

அவனுக்காக அவள் மனம் இளகியது என்று சொல்வதற்கில்லை. அவளும் அவனையே ஐயுற்றாள். கைரேகையை உரக்கப் படித்தவன் அவன், பெட்டியின் நடைமுறை அறிந்தவன், போட்டியாளரிடம் போகிறவன். பொரிக் கதையும் அவளுக்குச் செரிக்கவில்லை. ஆனால் அவளது ஐயம் ஒருவரோடு நிற்கும் வழக்கமில்லாதது. இந்த மனிதர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்? கையில் பெரிய ஆர்டர் இருக்கிறது. வரைபவன் போய்விட்டால் வேலை நின்றுவிடும். அவனைப் போகவிடாமல் செய்ய இதைவிட நல்ல சாக்கு ஏது? சான்றிதழை நிறுவியவள் நான். நானே எங்கேனும் தவறியிருந்தால்?

"பார்த்துட்டு எழுதறேன் சார்," என்றாள்.

தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் சென்றாள். அதன் மூடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. பெட்டியிலிருந்து மின்கம்பி தவிர மற்ற கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரே ஒரு கம்பியால் அதைத் தன் மடிக்கணினியோடு நேராகப் பிணைத்தாள். இனி நடுவே ஈ நுழையவும் இடமில்லை. திரையில் அதே அயல் கைரேகை வந்தது. அப்படியானால் இடையில் எவனும் நிற்கவில்லை. பெட்டியே புதுமுகம் காட்டுகிறது. யாரோ உள்ளே புகுந்து சான்றிதழை மாற்றியிருக்க வேண்டும், அல்லது பெட்டியே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

சான்றிதழைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். அது எழுதப்பட்ட நாள் 2010 ஜனவரி முதல் தேதி. பத்தாண்டு காலம் செல்லும் என்று போட்டிருந்தது. அந்தக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. ஊரை ஏமாற்ற வருபவன் காலாவதியான சான்றிதழோடா வருவான்? பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள். அங்கேயும் 2010 ஜனவரிதான். பட்டறை முழுதும் ஐப்பசியை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, பெட்டி மட்டும் என்றோ கழிந்துபோன ஒரு மார்கழியில் உட்கார்ந்திருந்தது.

"சார், பெட்டி அணைஞ்சு கிடந்துச்சுன்னு கிளமென்ட் சொல்றான். யார் அணைச்சது?"

ஜெய்சங்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான். ஆயுத பூஜை அன்னிக்கு எல்லாத்துக்கும் ஓய்வு கொடுக்கணும் இல்லையா? லேத், கிரைண்டர், வெல்டிங் மெஷின் எல்லாத்தையும் நிறுத்தினோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? ப்ளக்கைப் பிடுங்கி, சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு, பொட்டு வெச்சேன்."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது பிடுங்கினது உண்டா?"

"வாங்கின நாள்லேர்ந்து ஓடிட்டேதானே இருந்துச்சு. கரண்ட் போனாக்கூட யுபிஎஸ் இருக்கே."

பூரணிக்கு ஒரு விடை தோன்றியது. தோன்றிய விடையையும் அவள் நம்பவில்லை.

"நான் சொல்றதையும் நம்பாதீங்க சார். செஞ்சே பார்த்துடுவோம். கிளமென்ட், நீ எதிர் டீக்கடையில போய் உட்காரு. என் கண்ணுல படுற மாதிரி உட்காரு."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனான்.

கடிகாரத்தை இன்றைய நாளுக்குத் திருத்தினாள். தன்னிடமிருந்த பழைய சான்றிதழின் படியை மீண்டும் பெட்டியில் ஏற்றினாள். கழற்றிய கம்பிகளைத் திரும்ப மாட்டினாள். சித்ராதேவியின் கணினியில் எல்லாம் முன்போல் திறந்தன. "இப்ப உங்க கையாலயே பிடுங்குங்க சார்," என்றாள். அவர் பிடுங்கினார். சற்றுப் பொறுத்து, "மாட்டுங்க," என்றாள்.

பெட்டி கண்விழித்தது. விழித்தபோது அதற்கு மீண்டும் 2010 ஜனவரி. பூரணி ஏற்றிய சான்றிதழில் வருங்காலத் தேதி ஒன்றைக் கண்டது. இது இன்னும் பிறக்காதது என்று தள்ளியது. தனக்குத் தானே புதிதாக ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டது. சித்ராதேவியின் திரையில் சிவப்பு முக்கோணம் எழுந்தது.

"அய்யய்யோ, மறுபடியும் வந்துடுச்சு மேடம்!"

பூரணி பெட்டியின் மூடியைத் திறந்தாள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைக்கும் வட்ட பேட்டரி ஒன்று உள்ளே இருக்கும். பொத்தான் அளவே ஆனது. அது எப்போதோ செத்திருந்தது. பெட்டி ஓய்வின்றி ஓடியவரை அந்தச் சாவு வெளியே தெரியவில்லை. ப்ளக்கைப் பிடுங்கியதும் கடிகாரம், செய்தவர்கள் வைத்த முதல் நாளுக்கே திரும்பிவிட்டது. கடிகாரக் கடையிலிருந்து புதிய பேட்டரி வாங்கிவரச் செய்து பொருத்தினாள். கடிகாரத்தைத் திருத்திச் சான்றிதழைத் திரும்ப ஏற்றினாள். ஜெய்சங்கரை மீண்டும் ப்ளக்கைப் பிடுங்கி மாட்டச் சொன்னாள். இம்முறை சான்றிதழ் அசையவில்லை.

"அப்போ இதெல்லாம் பண்ணினது நானா?" என்றார் அவர்.

"பேட்டரி சார். ஆனா போலீஸ் வந்து, ப்ளக்கைப் பிடுங்கினது யாருன்னு கேட்டிருந்தா, நீங்கதான்."

சித்ராதேவி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெய்சங்கர் தம் அறைக்குள் சென்று, கடிதத்தை அச்சிட்டுக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து, டீக்கடைவரை தாமே நடந்துபோய்க் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. "அம்மாவுக்கு இன்னும் பொரி மிச்சம் இருக்கு, எடுத்துட்டுப் போ," என்று மட்டும் சொன்னார்.

பூரணி ஸ்கூட்டரை எடுக்கும்போது கிளமென்ட் எதிரே வந்து நின்றான்.

"அக்கா, நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டீங்களா?"

"பட்டேன்."

"இல்லன்னு சொல்வீங்கன்னு நினைச்சேன்."

"உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

"இப்போ?"

"இப்ப இல்ல. பார்த்துட்டேன்."

அவனுள் காயம் ஆறவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகு அவன் அக்கடிதத்தை அவளிடம் நீட்டினான்.

"இதுல எல்லாம் சரியா இருக்கான்னு நீங்களே ஒரு தடவை பார்த்துக் கொடுங்கக்கா. வேற யார்கிட்டயும் காட்ட எனக்கு நம்பிக்கையில்ல."

பூரணி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, முதல் எழுத்திலிருந்து படித்தாள். பெயர் சரி, பதவி சரி, தேதி சரி. கையெழுத்து இருந்தது, அதன்கீழ்ப் பட்டறையின் முத்திரை இல்லை.

"இரு," என்று சொல்லிவிட்டு, தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் மீண்டும் உள்ளே போனாள்.

பூரணியின் மனையில் விளக்கு நின்று எரிக. இரு நதிகளுக்கு இடையே பள்ளிகொண்ட பெருமான் அவ்வில்லத்தின்மேல் கண்வைத்தருள்க. நெல்லும் நீரும் அங்கே குறைவின்றி நிறைக. பிள்ளைகள் நோயின்றி வளர்க. கணவர் நெடிது வாழ்க. அவ்வீட்டுக் கதவைத் தட்டுவோர் எந்நாளும் நல்லோராகவே வருக.