ஓம் என்று சொன்னவள்

நான் வயிற்றில் பிள்ளையோடு முழுகாமல் இருந்த காலத்தில் வீட்டை இரண்டாக்க எனக்கு ஒரு குழம்புச்சட்டி போதும். புளி கூடிவிட்டதென்று சட்டியோடு கொண்டுபோய் வாழையடியில் கவிழ்த்தேன். பிறகு அந்த வெறுஞ்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இவர், என் கணவர், செருப்பைப் படியில் குறுக்கே கழற்றிவிட்டார் என்பதற்காக மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் அவர் வேலைக்கு வெளிக்கிட்டபோது, இன்றைக்கு வழியில் செத்துப்போவார் என்று மனம் சொன்னது. ஒழுங்கை முகப்பு வரை வெறுங்காலோடு ஓடினேன். அவர் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டி, "உனக்கென்ன விசரே?" என்று கேட்டார். எனக்குப் பைத்தியமோ என்று எனக்கும் சந்தேகம் இருந்தது.

ஆனால் ஒருவரும் பயப்படவில்லை. நான் பிறவிக் கோபக்காரி. சாவகச்சேரியில் எங்கள் வீட்டு நாய்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாலை ஆட்டும் என்று அக்கா சொல்வாள். புத்தூரில் கல்யாணம் முடித்து வந்த பிறகும் குணம் மாறவில்லை. "வயித்திலை பொம்பிளைப் பிள்ளைதான், இப்பவே தாயின்ரை வாய் வந்திட்டுது" என்று அயலில் பகிடி பண்ணினார்கள். தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். என் அம்மாவோ அக்காவின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போயிருந்தார். பிள்ளை பெறுவதிலும் அக்கா என்னை முந்திக்கொண்டாள் என்று அதற்கும் ஒரு நாள் சண்டை பிடித்தேன். ஆகவே நான் புத்தூரில் மாமியோடு, இவரின் அம்மாவோடு, இருந்தேன்.

ஆறாம் மாதம் கோபம் நின்றுவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும்தான் தெரியும், கோபம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று. வயிற்றில் பிள்ளை உதைத்தால், பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல் இருந்தது. தட்டட்டும் என்று இருந்தேன். தாயாகப் போகிறவளுக்கு இப்படியும் ஒரு மனம் இருக்குமா என்று வெட்கமாக இருந்தது, அதனால் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம்தான் மோசம். இவர் வேலையில் இருப்பார். மாமி சாப்பிட்டுவிட்டுப் பாயில் சரிந்துவிடுவார். வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெஷின் நின்றதும் ஊரே அடங்கிப்போகும். அந்த நேரத்தில் நான் கிணற்றடியில் நிற்பேன். எப்போது எழும்பினேன், எப்படி வந்தேன் என்று தெரியாது.

அந்தக் கிணற்றுக்குக் கம்பிவலை போட்டுப் பூட்டும் போட்டிருந்தார்கள். புத்தூரில் வேறு எந்தக் கிணற்றுக்கும் நான் பூட்டுக் கண்டதில்லை. காரணம் நடுவறைச் சுவரில் படமாகத் தொங்கியது. இவரின் அக்கா, என் மச்சாள். நான் கண்டதேயில்லை. எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக ஒருநாள் மத்தியானம் கிணற்றடிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கால் வழுக்கியது என்று ஊருக்குச் சொன்னார்கள். வீட்டுக்குள் அதைக்கூட ஒருவரும் சொல்வதில்லை.

மாதத்துக்கொரு தரம் குடும்பநல மிஸ்ஸி, எங்கள் பகுதி மருத்துவிச்சி, ஸ்கூட்டியில் வந்து வயிற்றைப் பார்த்துவிட்டு, "நித்திரை வருதோ தங்கச்சி? மனம் எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். பக்கத்தில் மாமி தேத்தண்ணியோடு நிற்பார். "அவளுக்கென்ன, நல்லாச் சாப்பிடுறாள்." நானும், "ஓம் மிஸ்ஸி, சுகமாயிருக்கிறன்" என்பேன். மிஸ்ஸி கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

ஏழாம் மாதம் ஒருநாள் மாமி என்னைக் கிணற்றடியில் கண்டுவிட்டார். நான் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி சத்தம் போடவில்லை. என் கையை ஒவ்வொரு விரலாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை பார்வை பார்க்கிறவர் வந்தார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி பயந்துபோனால் மந்திரம் சொல்லிப் பார்வை பார்த்து நூல் கட்டுவார்கள். பிடித்த பேய் போகக் கழிப்பும் கழிப்பார்கள். பொழுதுபட்டு மைம்மல் நேரம் முற்றத்தில் பலகை போட்டு என்னை இருத்தினார்கள். தேசிக்காய், வேப்பிலை, நீற்றுப்பூசணிக்காய் எல்லாம் இருந்தன. சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவர் வேப்பிலையை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஆர் நீ? உனக்கு என்ன வேணும்? சொல்லு!" என்று அதட்டினார்.

கேட்டது என்னையல்ல, எனக்குள் இருப்பதாக அவர் நினைத்ததை. ஆனால் மிஸ்ஸி கேட்டபோதுபோல எனக்கு முந்திப் பதில் சொல்ல மாமி வரவில்லை. என் வாய் திறந்துகொண்டது.

"எனக்குப் பயமாக் கிடக்கு. நித்திரை வருகுதில்லை. இந்தப் பிள்ளை எனக்கு வேண்டாம் போலை கிடக்கு. நான் இல்லாட்டில் எல்லாருக்கும் நல்லம் போலை கிடக்கு."

அவ்வளவும் என் சொந்தக் கதை. ஆறாம் மாதத்திலிருந்து தொண்டைக்குள் கிடந்தது. மாமி, "ஐயோ, என்ரை பிள்ளையெல்லோ!" என்று குழறிக்கொண்டு என் காலடியில் விழுந்தார். "பிள்ளை, நீதானே? நீதானே வந்திருக்கிறாய்? அம்மாவிலை கோவமே? அம்மாவை மன்னிச்சிட்டியே?"

இல்லை மாமி, இது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். முற்றத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: அந்த வார்த்தைகளை நான் சொன்னால் பாவம், மச்சாள் சொன்னால் பரிதாபம். செத்தவளை ஒருவரும் ஏசமாட்டார்கள். நான் "ஓம்" என்றேன்.

நூல் கட்டினார்கள். பூசணிக்காயை வெட்டி முச்சந்தியில் போட்டுவிட்டு வந்தார்கள். நான் சொன்னதையும் அதோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு வீடு கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மாமி இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். என் தலையை வாரிப் பின்னிவிட்டார். பின்னும்போது மெல்லமாகப் பாடினார். கனடாவிலிருந்து அம்மா வீடியோவில் வந்து, "இப்ப நல்லமாமே பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் அம்மா." இவரும் செருப்பை ஒழுங்காகக் கழற்றத் தொடங்கிவிட்டார். எல்லோருக்கும் பேய் போய்விட்டது. எனக்கு மட்டும் அப்படியே இருந்தது. இனி அழுதால் என்ன காரணம் சொல்வது? இருந்த ஒரே காரணத்தையும் செத்தவளிடம் கொடுத்துவிட்டேனே!

பத்தாம் நாள் காலை மாமி கிணற்றடிக்குப் போய்ப் பூட்டைக் கழற்றினார். கம்பிவலையை மடித்து மதிலோடு சாத்தினார்.

"இனி என்னத்துக்குப் பூட்டு?" என்றார். "அவள் போயிட்டாள்தானே."

அன்று மத்தியானம் மெஷின் நின்றது. மாமி பாயில் சரிந்தார். குசினி யன்னலால் பார்த்தால் கிணறு திறந்து கிடந்தது. என் கால் தானாக எழும்பியது. வாசற்படியில் நின்று நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பிள்ளை உதைத்தது. அதற்காக எனக்குப் பாசம் பொங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பயம்தான் வந்தது, நல்ல பயம். கிளினிக் கொப்பியின் மட்டையில் மிஸ்ஸி தன் நம்பரை எழுதித் தந்திருந்தார். அதற்கு ஃபோன் எடுத்தேன்.

"மிஸ்ஸி, நான் சுகமாயில்லை. இவ்வளவு நாளும் பொய் சொன்னனான். கிணத்தடியிலை பூட்டில்லை."

அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "இப்ப வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"மாமி. படுத்திருக்கிறா."

"போய் அவவை எழுப்புங்கோ. எழுப்பி, எனக்குச் சொன்னதை அப்பிடியே அவவுக்கும் சொல்லுங்கோ. ஃபோனை வையாதேங்கோ, நான் வெளிக்கிட்டிட்டன்."

கிணற்றுக்குப் போவதைவிட அந்தப் பாய்க்குப் போவது கஷ்டமாக இருந்தது. மாமி வாய் கொஞ்சம் திறந்தபடி நல்ல நித்திரை. இத்தனை வருடங்களுக்குப் பிறகு பத்து நாள்தான் அப்படி நித்திரை கொண்டிருப்பார். நான் வாயைத் திறந்தால் அவருடைய மகள் இன்னொரு தரம் சாவாள். திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"மாமி, அண்டைக்குக் கதைச்சது மச்சாள் இல்லை. நான்தான். இப்பவும் எனக்கு அப்பிடித்தான் கிடக்கு."

மாமி எழும்பி இருந்து அவிழ்ந்த கொண்டையை முடிந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "என்ரை பிள்ளையெண்டால் ஓமெண்டு சொல்லியிருக்கமாட்டாள். அவள் உன்னை மாதிரிக் கோவக்காரி. அவளும் பயமாக் கிடக்கம்மா எண்டுதான் சொன்னவள். வேலை செய்யப் பஞ்சியிலை நடிக்கிறாய் எண்டு ஏசினனான். அதை அவள் லேசிலை மன்னிப்பாளே?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "தெரிஞ்சும் நம்பினனான். நம்பிறதுக்காகத்தான் பூட்டையும் கழட்டினனான். உன்னை நினைக்கேல்லை, பிள்ளை. இந்த முறையும் நினைக்கேல்லை."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டே கிணற்றடிக்கு வந்து வலையைப் போட்டுப் பூட்டினார். ஸ்கூட்டிச் சத்தம் கேட்கும் வரை கையை விடவில்லை.

அடுத்த நாள் இவர் லீவு போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனநல டொக்டர் ஒரு பெண். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வருகிற வருத்தம்தான், மற்ற நோய்கள் மாதிரி மாறும் என்றார். என் வாந்தியையும் நாரிநோவையும் பற்றிக் கதைப்பதுபோலவே சாதாரணமாக இதையும் கதைத்தார். அது எனக்குப் பெரிய ஆறுதல். கிழமைக்கொரு தரம் போனேன். மருந்து தந்தார். மத்தியானங்களில் தனியே விடக்கூடாது என்று இவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். மெல்ல மெல்லத்தான் மாறியது. மகள் பிறந்து இரண்டு மாதத்துக்குப் பிறகுதான், அழுகிறது என் பிள்ளை என்று தோன்றியது. இப்போது அவளுக்கு நாலு வயது. செருப்பைப் படியில் குறுக்கேதான் கழற்றுகிறாள்.

மத்தியானத்தில் மாமி இன்னும் என் பக்கத்தில்தான் பாயைப் போடுகிறார். "இண்டைக்கு எப்பிடி? ஓமெண்டு மட்டும் சொல்லாதை, உள்ளதைச் சொல்லு" என்பார். உள்ளதைச் சொல்கிறேன். சில நாள் நல்லம், சில நாள் கொஞ்சம் மோசம்.

நான் கொடுத்த ஓமை நானே திருப்பி எடுத்துவிட்டேன். பதிலுக்கு மாமிக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பின்னேரம் மச்சாளின் படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கும்போது மாமி மகளிடம், "அம்மாவை மன்னிச்சிட்டியே?" என்று இன்னும் கேட்கிறார், எனக்குக் கேட்கும். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கிறேன், வாயைத் திறப்பதில்லை.