காலியாகக் கிடந்த டேக்

சுதீரேட்டனுக்கு எதுவும் காலியாகக் கிடக்கக் கூடாது. டீ குடித்த கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். அங்கமாலியில் ஃப்ளெக்ஸ் போர்டு அடித்துக்கொண்டிருந்தவர். கடை நொடித்த பிறகு இணையப் பக்கம் கட்டக் கற்றுக்கொண்டு, கொச்சி காக்கநாட்டில் எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். மனைவி ப்ரீதா குவைத்தில் நர்ஸ்; எங்களைப் போல அவரும் இவரை 'ஏட்டன்', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். எல்.கே.ஜி. படிக்கும் மகளுக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புவது இவர்தான்.

இவர் வேலை நிரந்தரமானால் ப்ரீதா ஊருக்கு வந்துவிடலாம். "எப்பத்தான் ஆர்டர் போடுவாங்க ஷெறின்?" என்று தினமும் என் உயிரை எடுப்பார்.

ஓணத்துக்கு முன்னால் ஆலப்புழைப் படகுவீட்டு முதலாளி குரியச்சனுக்கு முன்பதிவுப் பக்கம் செய்தோம். பக்கத்தின் நிறம், எழுத்து, அளவு எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல்தான் ஏற்றும். அந்த அலங்கார விதிகள் வந்து உட்காருவதற்கு இடமாக, கோப்பில் 'ஸ்டைல் டேக்' என்ற குறியை வெறுமனே விட்டு வைத்திருந்தோம். பக்கம் ஓடும்போது பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் பிரவுசரின் ஆய்வுப் பலகையைத் திறந்தாலும் அந்த டேக் காலியாகவே தெரியும். ஸ்கிரிப்ட் விதிகளை எழுத்தாக எழுதாமல் நேரே பிரவுசரின் நினைவில் செருகிவிடுவதால் அப்படி.

சுதீரேட்டன் கண்ணில் அது பட்டது. கை சும்மா இருக்குமா? "யாரோ குப்பையை விட்டுட்டுப் போயிருக்காங்க" என்று கோப்பிலிருந்து டேகைத் தூக்கிவிட்டார். காலி டேகை எடுத்ததற்கெல்லாம் திரும்பத் திறந்து பார்ப்பானேன் என்று அப்படியே சர்வரில் ஏற்றியும் விட்டார்.

குரியச்சன் ஆபீசுக்கு வந்து, தன் ஃபோனில் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தும் நீல லிங்க்கும்தான் வந்தன.

"என் மாதாவே! என் படகைத் துணி உருவி நிக்க வெச்சிட்டீங்களே!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். மேனேஜர் சாஜன் சார் சிரிக்கவில்லை.

"காலியாத்தானே இருந்துச்சு" என்று என் காதருகில் முனகினார் சுதீரேட்டன், முகம் செத்துப்போய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாருக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினேன். "இடப்பக்கம் மட்டும் பார்த்தா ஆச்சா?" டேகைத் திரும்ப வைத்து, ஆய்வுப் பலகையின் வலப்பக்கத்தைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த முன்பதிவுப் பொத்தானைத் தேர்ந்து சொடுக்கியதும் அதன் விதிகள் வரிசையாக வந்து நின்றன. "விதிக்குப் பக்கத்துல ஏதாவது கோப்புப் பேர் இருக்கா? இல்லேல்ல? அப்போ ஸ்கிரிப்ட் போட்டதுன்னு அர்த்தம்."

பக்கம் சரியானது. குரியச்சன் டீயோடு வந்த வாழைப்பழ பஜ்ஜி, ஒரு பழம்பொரியைத் தின்றுவிட்டுச் சமாதானமாகிப் போனார். அவர் போனதும் சாஜன் சார் திரும்பினார். "யாரு பார்த்த வேலை இது?"

சர்வர் கோளாறு என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் சுதீரேட்டன் எழுந்துவிட்டார். "நான்தான் சார். திறந்து பார்க்காம ஏத்திட்டேன்."

"வேலையில இருங்க. ஆனா நிரந்தரம் இப்ப முடியாது. அடுத்த ஓணத்துக்குப் பார்ப்போம்."

சுதீரேட்டன் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியேறினார், நான் பின்னாலேயே போனேன். மாடிப்படியில் நின்று ப்ரீதாவுக்கு ஃபோன் அடித்தார். எப்போதும்போல் ஸ்பீக்கரில்தான் பேச்சு.

"அடுத்த வருஷம்னுட்டாங்க ப்ரீதா. நீ இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே..."

ப்ரீதாவின் குரல் குறுக்கே வந்தது.

"நான் போன மாசமே ராஜினாமா குடுத்துட்டேன். ஓணத்துக்கு இலை போடுறப்ப வந்து நிக்கணும்னு இருந்தேன். இப்ப சொல்ல வெச்சிட்டீங்க."

"அய்யோ, என்னடி பண்ணிட்டே! என் ஆர்டர்?"

"உங்க ஆர்டரைப் பார்த்தா நான் வரேன்? புள்ளை நேத்து வீடியோல என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டா, சுதீரேட்டா. நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. அது போதும்."

அவர் படியிலேயே உட்கார்ந்து அழுதார். நான் உள்ளே போய், மேஜையில் அவர் கழுவாமல் விட்டிருந்த டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.