முதல் ஊசி அவளுக்கு இல்லை

தசரதன் செத்துப்போன வாரத்தில் சுந்தரவல்லி ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு முறை கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். அதற்கு முன் அவள் கையிலிருந்து எதுவும் நழுவியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் தியேட்டர் நர்ஸ். சொந்த ஊர் ஊரப்பாக்கம். அப்பா ஜெயவேலு நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றபோது மற்றப் பிள்ளைகள் வீடு கேட்டார்கள். இவள் நர்ஸ் படிப்பு கேட்டாள். "ஊர்ல உள்ளவன் ரத்தத்தையெல்லாம் தொட்டுனு கிடக்கப்போறியா?" என்றார் அவர். அதைத்தான் தொட்டுக்கொண்டிருந்தாள், விருப்பத்தோடு.

தசரதன் தியேட்டரில் உதவியாள். தொண்ணூற்றாறில் எல்லா ஊசியையும் ஒரு தடவையோடு தூக்கி எறியும் வழக்கம் அந்த ஆஸ்பத்திரிக்கு முழுசாக வந்திருக்கவில்லை. கழுவி, வேகவைத்து மறுபடி எடுப்பார்கள். கழுவும்போது ஒருநாள் விரலில் குத்திக்கொண்டான். "எறும்பு கடிச்ச மாதிரிதான் சிஸ்டர்" என்று சிரித்தான். மழைக்காலம் முடிவதற்குள் கண் மஞ்சளாகியது. வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். வயிறு வீங்கிய பிறகுதான் கூட்டி வந்தார்கள்.

காமாலையில் ஒரு வகை ரத்தம் வழியாக வருவது, அதற்குத் தடுப்பூசி உண்டு என்பது அங்கே எல்லா நர்ஸுக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் போட்டுக்கொள்ளவில்லை, சுந்தரவல்லி உட்பட. இப்போது அந்த நினைப்பு அவளைச் சாப்பிட விடவில்லை. பெரிய டாக்டர் துரைராஜின் அறை வாசலில் தினமும் போய் நின்றாள். "சரி சிஸ்டர், எல்லாருக்கும் வாங்கிடலாம். என்னை ரவுண்ட்ஸ் போக விடுங்க" என்று கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார்.

மருந்து வந்தது. ஆட்கள் வரவில்லை. டாக்டர்கள் நாளைக்கு என்றார்கள். ஆயாக்களுக்கெல்லாம் கங்கம்மா வைத்ததுதான் சட்டம். கோவளத்துப் பக்கம் மீன் விற்ற குடும்பம். குரல் மூன்று மாடிக்கும் கேட்கும்.

"இன்னா சிஸ்டர், நல்லா கீற உடம்புல எதுக்கு ஊசி? போட்டுகினா கொழந்த தங்காதாம். சின்னப் பொண்ணுங்கல்லாம் பயந்துகினு கீதுங்க."

"அதெல்லாம் புரளி, கங்கம்மா. தசரதனைப் பார்த்தீங்கல்ல?"

"அவன் விதி, போய்ட்டான். சரி, டாக்டருங்க போட்டுகினாங்களா? நீ போட்டுகினியா?"

சுந்தரவல்லிக்கு முகம் சுட்டது. "திங்கக்கிழமை உங்க எல்லார் முன்னாடியும் நான் முதல்ல போட்டுக்கறேன். அப்புறம் என்ன சொல்வீங்க?"

"அப்பாலிக்கா பாக்கலாம்" என்று கங்கம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

தியேட்டரில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுந்தரவல்லி ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மறுநாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அந்தக் கிருமி அவள் ரத்தத்தில் ஏற்கெனவே இருந்தது. வேறு லேபுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே பதில்.

"எப்ப வந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஈரல் நல்லாத்தான் இருக்கு. வருஷா வருஷம் பார்த்துக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "திங்கக்கிழமை உங்களுக்கு ஜுரம்னு சொல்லிடலாம். வேற யாரையாவது முதல்ல நிறுத்திக்கலாம். இது வெளிய தெரிய வேண்டாம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அன்று எலக்ட்ரிக் ரயிலில் இடம் காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை. பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். எத்தனை முறை குத்திக்கொண்டிருப்பேன்? எந்த நோயாளி? வீட்டில் மகளின் தலையைப் பின்னப் போனவள் பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். அதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கை போகவில்லை.

கணவன் ஏகநாதனுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவனிடம் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். அவன் உள்ளே மகள் இருந்த பக்கம் பார்த்தான்.

"எனக்கும் பாப்பாவுக்கும்?"

"நாளைக்கே டெஸ்ட் எடுக்கணுங்க."

"எடுத்துடலாம்." செருப்பைக் கழற்றினான். "வல்லி, உன் மேல தப்பு ஒண்ணுமில்ல. ஆனா எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

கணவனுக்கும் மகளுக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிய வந்தபோது சனிக்கிழமை. இருவருக்கும் அவளே முதல் ஊசியைப் போட்டாள்.

திங்கட்கிழமை அவுட்பேஷன்ட் கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு எல்லோரும் கூடியிருந்தார்கள். கங்கம்மா முன்னால் நின்றாள். "இன்னா சிஸ்டர், கைய நீட்டு" என்றாள். டாக்டர் சுந்தரவல்லியைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை. "எனக்கு இந்த ஊசி இனிமே பிரயோஜனம் இல்லை. தசரதனைக் கொன்ன கிருமி என் ரத்தத்துல இருக்கு. டெஸ்ட்ல தெரிஞ்சுது. முன்னாடியே போட்டிருந்தா வந்திருக்காது. அவ்வளவுதான்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஒருத்தி புடவையை ஒதுக்கிக்கொண்டு அரை அடி தள்ளி நின்றாள். சுந்தரவல்லி அதைப் பார்த்தாள்.

"உன்னிய அது இன்னா பண்ணும்?" என்றாள் கங்கம்மா. குரல் இறங்கியிருந்தது.

"தெரியல. ஒண்ணும் பண்ணாமலும் இருக்கலாம்."

கங்கம்மா ரவிக்கைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இன்னொரு நர்ஸ் சிரிஞ்சை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டாள். "நீ வேணாம். அந்த சிஸ்டரு போடட்டும்."

சுந்தரவல்லி போட்டாள். கங்கம்மாவுக்குப் பின்னால் வரிசை நின்றது. டாக்டர் துரைராஜும் கோட்டைக் கழற்றிவிட்டு அதில் சேர்ந்தார், அவருடைய ரத்தத்தை முன்னமே லேபுக்கு அனுப்பி, கிருமி இல்லை என்று பார்த்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சுந்தரவல்லியை தியேட்டரிலிருந்து அவுட்பேஷன்ட்டுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றல் நோயைவிட அவளுக்கு அதிகம் வலித்தது. சிலர் அவள் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் கங்கம்மா மட்டும் வந்து, கேட்காமல் குழம்பில் கை வைப்பாள். ஊசியோ ஒன்றோடு தீராது; ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இரண்டாவதற்கே பாதிப் பேர் டிமிக்கி கொடுத்தார்கள். சுந்தரவல்லி கான்டீனில் பிடித்தாள், பஸ் ஸ்டாண்டில் பிடித்தாள். "அந்தம்மா வருது, ஓடு" என்பது ஆஸ்பத்திரியில் கேலியாகிப்போனது.

மூன்றாவது ஊசிக்குத் துணி துவைக்கும் முனியம்மா வரவேயில்லை. பெரும்பாக்கத்தில் பேத்திக்குக் காதுகுத்து என்று லீவு. ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை வைத்துக்கொண்டு சுந்தரவல்லி பஸ் ஏறி, ஏரிக்கரை வழியாக நடந்து போய்ச் சேர்ந்தாள். மைக் செட் அலறிக்கொண்டிருந்தது.

"இங்கியும் வந்துட்டியா!" என்று முனியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பட்டுப் புடவையோடு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கையை நீட்டினாள். "சீக்கிரம் குத்து, சம்பந்தி வூட்டுக்காரங்க பாக்கறாங்க."

குத்தினாள். முனியம்மா கையைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பந்தியில் தள்ளி உட்கார வைத்து, தன் கையால் சோறு போட்டாள். சுந்தரவல்லி ரசத்துக்குக் காத்திருக்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் மாலை ரயிலில் ஊருக்குக் கிளம்புகிறார், அவருக்கும் மூன்றாவது பாக்கி. இலையை மடித்துவிட்டு, பிளாஸ்கை அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.