பந்து பழக்கிய எங்கள் அண்ணா

எங்கள் அண்ணா பருத்தித்துறையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். எங்கள் உறவினர்கள் அவரைப் பற்றிச் சரியாகச் சொல்லக்கூடியது இவ்வளவும்தான்.

கொழும்பில் வேலை பார்த்தபோது கம்பனி அணியில் றக்பி விளையாடினார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பின் அகதியாக ரொறொன்ரோ வந்து ஒரு சின்னக் கல்லூரியில் நிலம் துடைத்தார். அங்கே பொடியன்கள் தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு அமெரிக்கப் பந்தாட்டம் பழகுவதைத் தும்புத்தடியோடு நின்று பார்ப்பார். ஒருநாள், முன்வரிசைக்காரன் கால் வைக்கும் விதம் பிழை என்று பயிற்சியாளரிடம் சொன்னார். அந்த வெள்ளைக்காரர் காது கொடுத்துக் கேட்டார்; அண்ணாவைத் தனக்குத் துணைப் பயிற்சியாளராகவும் சேர்த்துக்கொண்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஓய்வுபெற, அண்ணாவே தலைமைப் பயிற்சியாளரானார்.

அண்ணா நிலம் துடைத்ததை எங்கள் ஆட்கள் ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் துடைத்தோம். பந்து பழக்கியதுதான் இவர்களுக்கு மானக்கேடாகப் போயிற்று. டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் தவிர வேறு மனிதரைக் கண்டறியாத கூட்டம்.

அணி பெரும்பாலும் தோற்றது. எல்லை தாண்டி பஸ்ஸில் போய் அமெரிக்கச் சின்னக் கல்லூரிகளிடம் அடி வாங்கி வரும். அண்ணா சளைக்கவில்லை. ஆட்டத்துக்கு முதல்நாள் முன்வரிசை முழுவதையும் மல்வேர்ன் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிவந்து புட்டும் இறைச்சிக்கறியும் சாப்பிடவைப்பார். தோற்றால் மறுநாள் ஒவ்வொருவனையும் தொலைபேசியில் அழைத்துப் பாடங்கள் எப்படிப் போகின்றன என்று விசாரிப்பார். எங்கள் ஆட்களில் ஒரேயொரு மாமா ஒரே ஒருமுறை மைதானத்துக்கு வந்தார். குளிருது என்று பாதியில் எழுந்து போனவர், அதன் பிறகு கலியாணவீடுகளில் அந்த விளையாட்டுக்கு விளக்கம் சொல்லித் திரிந்தார்.

அண்ணாவின் மகளுக்கு ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம், தவறவிடக்கூடாது என்று எல்லோரும் துடித்தோம். பெண்ணின் தகப்பன் கல்லூரியில் விரிவுரையாளர் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பன் பலகாரத்தைக் கடித்தபடி கேட்டார்:

"என்ன பாடம் படிப்பிக்கிறியள்?"

"பாடமில்லை, அண்ணை. நான் பந்து பழக்கிறன்" என்றார் அண்ணா.

வந்தவர்கள் தேநீரை முடித்துக்கொண்டு எழுந்தார்கள். சம்பந்தம் முறிந்தது. பொய் சொன்னவனை ஒருவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்ன அண்ணாவைத்தான், பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்று ஒரு வருடம் முழுக்கத் தின்றார்கள். பிள்ளையோ தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள்.

புற்றுநோய் வந்து அண்ணா படுத்தபோது, பழைய முன்வரிசைக்காரர்கள் முறைபோட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஹோர்லிக்ஸ் போத்தலோடும் நாட்டு வைத்தியத்தோடும் வந்து, வாகனத் தரிப்பிடத்தைப் பற்றி முறைப்பட்டுவிட்டுப் போனார்கள். செத்தவீட்டிலும் ஒரு குறை வைக்கவில்லை. சம்பந்தத்தை முறித்த அந்த மனிதர்கூட ஒலிவாங்கியைப் பிடித்து அண்ணாவை ஒரு கல்விமான் என்றார்.

அவரைப் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. பத்திரிகைக்கும் வானொலிக்கும் மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்தவன் நான். அதில் 'கல்லூரி விரிவுரையாளர்' என்றுதான் எழுதினேன். வெக்ஸ்போர்ட்காரருக்கு அன்று அந்தப் பொய்யைச் சொல்லியனுப்பியவனும் நான்தான். ஒரு வருடம் அண்ணா ஏச்சு வாங்கியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அறிவித்தலைப் படித்துவிட்டு அண்ணாவின் மகள் என்னிடம் வந்தாள்.

"செத்தாப் பிறகும் அப்பாவை மறைக்கிறியளோ, சித்தப்பா?"

அதனால்தான் அண்ணாவின் இந்த நினைவு மலரை நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

மலர்வளையம் வைத்தவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணாவின் பெட்டியைத் தூக்கிச் சென்ற அந்த முன்வரிசைக்குத் தனியாக நன்றி. அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லத் தேவையும் இல்லை. அவர் யார் என்று தெரியாமல் இருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.